173ஆம் இடத்து இகரம்: தமிழ்க் கோப்புகள் கணினி விட்டுக் கணினி சென்ற வரலாற்றில் ஒரு பாடபேதம்

ஒரு கணினியில் தமிழாகத் தெரிந்த கோப்பு இன்னொன்றில் கிறுக்கலாகத் தெரிந்த காலத்தைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஒரே விளக்கத்தைத்தான் சொல்கிறார்கள். 1990களில் நிறுவனத்துக்கு ஒன்று, நாளிதழுக்கு ஒன்று, அச்சகத்துக்கு ஒன்று என எழுத்துருக்கள் பெருகின. ஒவ்வொன்றும் எழுத்துகளைத் தன் விருப்பப்படி எண்களில் அமர்த்திக்கொண்டது. அனுப்பியவரிடம் இருந்த எழுத்துரு பெற்றவரிடம் இல்லை, கோப்பு பாழானது. பிறகு ஒருங்குறி வந்தது, சிக்கல் தீர்ந்தது. மாநாட்டு மலர்க் கட்டுரைகள், கணித்தமிழ் நூல்களின் முன்னுரைகள், வகுப்பறைக் குறிப்புகள் என எங்கும் இந்தக் கதையே சிறு மாற்றங்களுடன் வருகிறது. வசதிக்காக இதை ‘எழுத்துருப் பூசல்’ வாசிப்பு என்று குறிக்கிறேன்.

இந்த வாசிப்பு வெறும் கற்பனையல்ல என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். 1997 மே மாதம் சிங்கப்பூரில் கூடிய தமிழ்நெட் 97 மாநாடும், 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாடும் இந்தப் பெருக்கத்தை எப்படி அடக்குவது என்ற கவலையில் பிறந்தவை. சென்னை மாநாட்டுக்குப் பிறகு தமிழ்நாடு அரசு டாம், டாப் என்ற இரு குறியேற்றங்களை முன்வைத்தது. அதே நேரத்தில் புலம்பெயர் தமிழர்கள் நிறைந்த இணையக் குழுவினர் திஸ்கி என்ற குறியேற்றத்தைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தனர். ஒற்றுமைக்கான முயற்சிகளே இரண்டாகப் பிரிந்தன என்று பூசல் வாசிப்பினர் சுட்டிக்காட்டும்போது மறுக்க வழியில்லை.

என் மறுப்பு வேறிடத்தில் தொடங்குகிறது. அனுப்புவோர், பெறுவோர் இருவரும் ஒரே குறியேற்றத்துக்கு உடன்பட்டு, ஒரே எழுத்துருவை நிறுவியிருந்தபோதும் கோப்புகள் சிதைந்தன. பூசல் வாசிப்பில் இதற்கு இடமே இல்லை. மனிதர்கள் ஒத்துப்போன பின்னும் கருவிகள் ஒத்துப்போகவில்லை என்பதற்குத் திஸ்கி அட்டவணைக்குள்ளேயே ஒரு சான்று கிடக்கிறது. அதை யாரும் வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

திஸ்கி எட்டு பிட் குறியேற்றம், 256 இடங்கள். கீழ்ப்பாதியில் வழக்கமான ஆஸ்கி, மேற்பாதியில் தமிழ். அதன் 1.7 பதிப்பில் உயிரெழுத்துகள் பன்னிரண்டும் 171 முதல் 182 வரை அகர வரிசையில் இடைவெளியின்றி உட்கார்ந்திருக்கின்றன. 183 ஆய்தம். 184 முதல் 201 வரை க முதல் ன வரையான அகரமேறிய மெய்கள். இடையே உகர, ஊகார வடிவங்கள் வந்து போகின்றன. 236 முதல் 253 வரை புள்ளி பெற்ற மெய்கள் பதினெட்டும் க் முதல் ன் வரை வரிசை பிசகாமல் வருகின்றன. தமிழ் எழுத்து முறையை அறிந்தவர்கள் நிதானமாகப் போட்ட கோலம் இது.

அந்த ஒழுங்குக்குப் பின்னால், 254ஆம் இடத்தில், திடீரென்று ஓர் இகரம் நிற்கிறது. இகரத்துக்கு 173ஆம் இடம் ஏற்கெனவே இருக்கிறது: அ 171, ஆ 172, இ 173, ஈ 174. உயிரெழுத்து பன்னிரண்டில் இரண்டு வீடுகள் உள்ளது இது ஒன்றுக்குத்தான். இடத்துக்கு அத்தனை நெருக்கடி இருந்த அட்டவணையில், மிச்சமிருந்த கடைசி மூலையை ஓர் எழுத்தின் இரட்டைப் பிறவிக்கு யாரும் விளையாட்டாகத் தர மாட்டார்கள்.

காரணத்தை அறிய, இகரத்தில் தொடங்கும் ஒரு சொல்லைப் பயணம் அனுப்பிப் பார்க்கலாம். ‘இல்லை’ என்ற சொல் திஸ்கி கோப்பில் நான்கு பைட்டுகள்: 173, 248, 168, 196. அதாவது இ, ல், ஐகாரக் கொம்பு, ல. (கொம்பு எழுத்துக்கு முன்னால் வருவதைக் கவனிக்க, திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமிக்கும்.)

முதல் பாதை பழைய மின்னஞ்சல். 1982இல் வந்த ஆர்எஃப்சி 821 வகுத்த அஞ்சல் நெறிமுறை ஏழு பிட்டுகளையே அறிந்தது. வழியில் ஏதேனும் ஓர் அஞ்சல் கணினி எட்டாவது பிட்டை வெட்டினால் ஒவ்வொரு எண்ணிலும் 128 குறையும். நம் சொல் 45, 120, 40, 68 ஆகிவிடும். திரையில் ஒரு சிறு கோடு, ஆங்கில எக்ஸ், திறந்த அடைப்புக்குறி, டி. 1992இல் மைம் தரம் வந்து எட்டு பிட் எழுத்துகளை ஏழு பிட்டுக்குள் பொதிந்து அனுப்ப வழி செய்தது. ஆனால் பொதிந்ததைப் பிரிக்கத் தெரியாத செயலியில் 173 என்பது சமக்குறி, ஏ, டி என்ற மூன்று எழுத்துகளாக வந்து நின்றது. திஸ்கி கோப்பைத் தங்கள் பெட்டியில் பெற்று, வரிக்கு வரி சமக்குறியாக நிறைந்திருப்பதைக் கண்டவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள்.

இரண்டாவது பாதை மேக்கின்டோஷிலிருந்து விண்டோஸுக்கு. இங்கேதான் பூசல் வாசிப்பு முழுமையாகக் கைவிடுகிறது. இரண்டு கணினிகளிலும் திஸ்கி எழுத்துரு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆனால் இயங்குதளத்துக்குத் தமிழ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அதன் கணக்கில் இவை ஐரோப்பிய எழுத்துகள். மேக்கின் மேக் ரோமன் அட்டவணையில் 173 என்பது சமமின்மைக் குறி, 248 மேற்கோடு, 168 வட்டத்துக்குள் ஆர், 196 வளைந்த எஃப். அஞ்சல் செயலியோ கோப்பு மாற்றியோ உதவி செய்வதாக எண்ணி இவற்றை விண்டோஸ் 1252 அட்டவணைக்கு நேருக்கு நேர் மொழிபெயர்த்தால் என்ன ஆகும்? சமமின்மைக் குறிக்கு அங்கே இடமில்லை, அது கேள்விக்குறியாகிவிடும். மேற்கோடு 175க்குப் போகும். வட்ட ஆர் 174க்கு. வளைந்த எஃப் 131க்கு. பெற்றவர் அதே திஸ்கி எழுத்துருவில் திறக்கிறார். 175 உகரம், 174 ஈகாரம், 131 ஜ. ‘இல்லை’ என்று அனுப்பியது ‘?உஈஜ’ என்று வந்து சேர்கிறது.

அதைக் கண்டவர் என்ன நினைத்திருப்பார்? எழுத்துரு சரியில்லை என்றுதான். திரையில் தெரிவது தமிழ் எழுத்துகள் அல்லவா! பூசல் வாசிப்பு இவ்வளவு வலுவாக வேரூன்றியதற்கு இந்த மயக்கம் ஒரு காரணம் என்பது என் கருத்து. பழுது நடுவழியில் நடந்தது, பழி எழுத்துருவின் தலையில் விழுந்தது.

மூன்றாவது பாதையில் கோப்பு எந்தச் சேதமும் இல்லாமல் வந்து சேர்கிறது. நான்கு பைட்டுகளும் அப்படியே இருக்கின்றன. ஆனால் லத்தீன்-1 அட்டவணையிலும் விண்டோஸ் 1252இலும் 173 என்பது எழுத்தே அல்ல. சொல் வரியின் ஓரத்தில் முறிய நேர்ந்தால் மட்டும் தெரிய வேண்டிய, மற்ற வேளைகளில் மறைந்திருக்க வேண்டிய இணைகோடு, அதாவது மறைகோடு, அது. 1997 டிசம்பரில் வெளியான ஹெச்டிஎம்எல் 4.0 பரிந்துரை, உலாவிகள் அதை இப்படித்தான் நடத்த வேண்டும் என்று எழுதி வைத்தது. அந்த விதிக்குக் கீழ்ப்படியும் உலாவியில் ‘இல்லை’ என்பது ‘ல்லை’ என்று தெரியும். எழுத்துரு சரி, குறியேற்றம் சரி, கோப்பும் சரி. இகரம் மட்டும் காணோம்.

254ஆம் இடத்து இகரம் இந்த மூன்றாவது பாதைக்குச் செய்த மருந்து என்று வாசிக்கிறேன். இந்த வாசிப்புக்கு எதிராக இரண்டு கேள்விகள் எழும்.

முதலாவது, வடிவமைத்தவர்களுக்கு லத்தீன் அட்டவணையின் பொறிகள் தெரியாதா என்பது. தெரிந்திருந்தது. 160ஆம் இடம் லத்தீன்-1இல் முறியா வெற்றிடம். திஸ்கியில் அங்கே தமிழ் எழுத்து எதுவும் இல்லை. 145 முதல் 148 வரை மேற்கோள் குறிகள் விண்டோஸ் 1252இல் உள்ள அதே இடங்களில் விடப்பட்டிருக்கின்றன. 169இல் காப்புரிமைக் குறி. லத்தீன்-1, விண்டோஸ், மேக் ரோமன் மூன்றும் ஒத்துப்போகும் மிகச் சில மேற்பாதி இடங்களில் அது ஒன்று. இவ்வளவு கவனமாக இருந்தவர்கள் 173ஐ மட்டும் எப்படி விட்டார்கள்? அகர வரிசை கெடக்கூடாது என்பதற்காக என்று நினைக்கிறேன். 173ஐ விலக்கினால் ஆகாரத்துக்கும் ஈகாரத்துக்கும் நடுவில் ஓட்டை விழும். எண் வரிசைப்படி அடுக்கினாலே அகர வரிசை கிடைக்கும் என்ற வசதி போய்விடும். மறைகோட்டைக் கருவிகள் உண்மையிலேயே மறைக்கத் தொடங்காதவரை இது துணிந்து எடுக்கக்கூடிய முடிவுதான். விதி ஏட்டில் இருந்தது. கருவிகள் அதை ஒவ்வொன்றாக, வெவ்வேறு காலத்தில் பின்பற்றின. ஆகவே 254ஆம் இடத்தின் தேவை எந்த மாதத்தில் எழுந்தது என்று கட்டிச் சொல்ல முடியாது. உலாவி முதலில் காட்டிக்கொடுத்ததா, சொற்செயலியா என்பதையும் நான் திறந்தே விடுகிறேன்.

இரண்டாவது கேள்வி சற்றுக் கூர்மையானது. மருந்து கருவிக் கோளாறுக்கு என்றால், மேக்கில் ஏற்படும் கோளாறுக்கும் மருந்து இருக்க வேண்டுமே? மேக் ரோமனில் முறியா வெற்றிடம் இருப்பது 202இல். திஸ்கியில் 202 என்பது ‘டி’. மேக் அதை வெற்றிடமாக நடத்தினால் ‘படி’ என்பது ‘ப’ என்று நின்றுவிடும் அபாயம் உண்டு. ஆனால் திஸ்கி ‘டி’க்கு இரண்டாம் வீடு தரவில்லை. இது என் வாதத்தை முறிப்பதற்குப் பதில் இன்னும் இறுக்குகிறது என்றே கருதுகிறேன். டகரத்தையும் (188) இகரக் கொக்கியையும் (162) சேர்த்து ‘டி’யை எழுதிக்கொள்ளலாம், மாற்று வழி ஏற்கெனவே இருக்கிறது. தனி உயிரான இகரத்தை வேறு எதையும் கூட்டி எழுத முடியாது. தவிர, மேற்கோள் குறிகளின் இடங்களே சொல்வதுபோல, இந்த அட்டவணை விண்டோஸை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வரையப்பட்டது. இருந்தாலும் ஓர் அட்டவணையின் அமைப்பிலிருந்து வரைந்தவரின் எண்ணத்தை ஊகிப்பது எப்போதும் கொஞ்சம் வழுக்கும் நிலம் என்பதை மறுக்கவில்லை.

சரி, ஓர் இகரம் காணாமல் போவது அவ்வளவு பெரிய சேதமா? வாசகர் ஊகித்துக்கொள்ள மாட்டாரா? பல இடங்களில் முடியும். மொழிமுதல் எழுத்து பற்றிய நம் இலக்கண வரம்பே இங்கே காவலாக நிற்கிறது. லகரமோ றகரமோ தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது. ‘ல்லை’, ‘றைவன்’ என்று பார்த்தவுடன் எது விழுந்தது என்று தெரிந்துவிடும். ஆனால் ‘இமை’ என்பதில் இகரம் விழுந்தால் ‘மை’. ‘இவை’ விழுந்தால் ‘வை’. ‘இமயம்’ விழுந்தால் ‘மயம்’. கண்ணைப் பாடும் ஒரு செய்யுளில் இமை இருந்த இடத்தில் மை இருந்தால் பொருள் தடுக்காது. யாப்பைக் கூர்ந்து எண்ணுகிறவருக்கு மட்டுமே ஐயம் வரும். ஏடு பெயர்த்து எழுதியோர் கைப்பிழையால் பாடபேதம் பிறந்ததைப் போலவே இங்கும் பிறக்கிறது. ஏட்டில் பிழைத்தவர் ஒரு மனிதர், இங்கே ஓர் உலாவி.

இது வெறும் சாத்தியம் அல்ல என்பதற்குத் திஸ்கியில் எவ்வளவு தமிழ் சேமிக்கப்பட்டது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 1998 பொங்கலன்று தொடங்கி, சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைத்த மதுரைத் திட்டம் சங்க நூல்கள் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை திஸ்கியில் வெளியிட்டது; பின்னர் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றியது. அதன் ஒருங்குறிக் கோப்புகளின் தலைப்பில் இருக்கும் குறிப்பைப் பலரும் படிக்காமல் தாண்டிவிடுவார்கள். எந்த எழுத்துருக்கள் வேண்டும், எந்த இயங்குதளம் வேண்டும் (விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பி), உலாவியில் எந்தக் குறியேற்றத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று அது வரிசையாகச் சொல்கிறது. ஒருங்குறி வந்து சிக்கல் தீர்ந்தது என்பவர்கள் இந்தக் குறிப்பை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டும். ஒருங்குறி 1.0 வெளிவந்தது 1991இல். தமிழை ஒழுங்காகக் கோத்துக் காட்டும் திறன் விண்டோஸுக்கு வந்தது 2000இல். இடைப்பட்ட காலத்தில் தரம் இருந்தது, கருவி இல்லை.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு சான்று. பூசல் வாசிப்பில் எப்போதும் குற்றவாளிக் கூண்டில் நிற்பது, இலங்கைத் தமிழரிடையே இன்றும் புழங்கும் பாமினி போன்ற எழுத்துருக்கள். அவை எந்தத் தரத்துக்கும் கட்டுப்படாதவை, ஆங்கில எழுத்துகளின் இடத்தைத் திருடிக்கொண்டவை. உண்மைதான். பாமினியில் ‘இல்லை’ என்பது காற்புள்ளி, ஒய், அரைப்புள்ளி, ஐ, ஒய் என்ற ஐந்து ஆங்கில விசைகள். ஆனால் அந்த ஐந்தும் ஆஸ்கியின் கீழ்ப்பாதியில் இருக்கின்றன. எட்டாவது பிட்டை வெட்டும் அஞ்சல் கணினி அவற்றைத் தொட முடியாது. மேக் ரோமனும் விண்டோஸ் 1252உம் கீழ்ப்பாதியில் ஒன்றே. மறைகோடு அங்கே கிடையாது. தரத்துக்கு உட்பட்ட திஸ்கி இகரம் வழியில் விழுந்த பாதைகள் மூன்றிலும் தரம் கெட்ட பாமினியின் இகரம் காற்புள்ளி வேடத்தில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கும். பாமினியின் சில அரிய எழுத்துகள் மேற்பாதியில் உண்டு. அவற்றுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. பெரும்பகுதி உரைக்கு உண்டு. பாமினி இத்தனை காலம் தாக்குப்பிடித்ததைப் பழக்கம், பிடிவாதம் என்று மட்டும் விளக்குவது அரைகுறை விளக்கம்.

ஒருங்குறியால் சிக்கல் தீர்ந்தது என்ற முடிவுரைக்கும் ஒரு மறுப்பு தேவை, சுருக்கமாகச் சொல்கிறேன். கோப்பின் உள்ளடக்கம் ஒருங்குறிக்கு வந்த பின் சண்டை கோப்பின் பெயருக்கு இடம் மாறியது. ஒருங்குறியில் ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். முன்கொம்பு, பின்கால் என இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். இரண்டும் சமம் என்கிறது தரம். 1998இல் மேக் ஓஎஸ் 8.1 உடன் வந்த ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் கொடுத்ததை அப்படியே வைக்கும். லினக்ஸுக்குப் பெயர் என்பது வெறும் பைட் வரிசை. ‘தொகுப்பு’ என்று விண்டோஸில் பெயரிட்ட கோப்பு லினக்ஸ் சேவையகத்தில் 24 பைட். அதே பெயரில் மேக்கிலிருந்து வந்தது 27 பைட். ஒரே அடைவில் கண்ணுக்கு முற்றிலும் ஒன்றான இரண்டு கோப்புகள் அருகருகே இருக்கும். எது பழையது என்று பெயரை வைத்துச் சொல்ல முடியாது. நிரலாளர்கள் பயன்படுத்தும் கிட் 2012இல் மேக்குக்கென்றே ஒரு தனி அமைப்பைச் சேர்த்து இதைச் சமாளித்தது. மேக்குக்கு 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் கோப்பு முறைமை, கொடுத்த வடிவத்தை மாற்றாமல் வைத்துக்கொள்கிறது. ஆனால் பழைய மேக் வட்டுகளிலிருந்து ஏற்கெனவே பிரிந்து வந்த பெயர்கள் பிரிந்தேதான் இருக்கின்றன.

நீளமும் ஒரு தொல்லை. என்டிஎஃப்எஸ் 255 குறியீடுகள் வரை பெயர் தாங்கும். லினக்ஸின் எக்ஸ்ட்4 தாங்குவது 255 பைட். யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட் என்பதால் 85 குறியீடுகளோடு முடிந்தது. கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைக்கும் பழக்கமுள்ள நம் ஆய்வாளர்களுக்கு இது அடிக்கடி வந்து மோதும் சுவர். சிப் பொதிகளில் பெயர் யூடிஎஃப்-8இல் இருக்கிறது என்று அறிவிக்கும் அடையாளம் 2006இல்தான் அதன் விவரக்குறிப்பில் நுழைந்தது. அதற்கு முன் கட்டிய பொதிகளில் தமிழ்ப் பெயர்களின் கதி, பிரிக்கும் கருவியின் மனநிலையைப் பொறுத்தது.

பழைய கோப்புகளை இன்று மாற்றுவோருக்கு இதில் உடனடியாகத் தேவைப்படும் செய்தி ஒன்று உண்டு. 173ஐ மறைகோடாக எடுத்துக்கொண்டு ஒருங்குறியின் மறைகோடாகவே மாற்றி வைத்த உரைகளில் தடயம் மிஞ்சியிருக்கும். அந்தக் கண்ணுக்குத் தெரியாத குறியைத் தேடிப் பிடித்து இகரத்தை மீட்டுவிடலாம். அதைக் குப்பை என்று களைந்துவிட்ட உரைகளில் எதுவும் மிஞ்சாது. ‘மை’ என்று இருப்பது மையா, இமையா என்று மாற்றப்பட்ட கோப்பை மட்டும் வைத்து ஒருபோதும் சொல்ல முடியாது. திஸ்கி மூலத்தின் பைட்டுகளைப் பார்த்தால் ஒரு நொடியில் சொல்லலாம். எனவே நெகிழ்வட்டுகளிலும் குறுவட்டுகளிலும் திஸ்கி கோப்புகளை வைத்திருக்கும் நூலகங்களும் பதிப்பகங்களும் தனியாரும், ஒருங்குறிக்கு மாற்றி முடித்ததும் மூலத்தை அழித்துவிடாதீர்கள். மாற்றும் கருவியை நம்புவதற்கு முன் 173, 254 இரண்டையும் அது இகரமாகப் படிக்கிறதா என்று ஒரு சொல் கொடுத்துச் சோதித்துவிடுங்கள்.